சும்மா இருக்கும் எடை

போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் சாதாரண பிக்கப் வண்டி ஏறிவிடும். தேனி சமவெளியிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம் அது. தார் இருக்கும்வரை தொல்லை இல்லை. தார்ச்சாலையை விட்டு ஏலத்தோட்டத்துக்கு மண்பாதை பிரியும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. மழை பெய்த மறுநாள், சில அடி நீளமுள்ள செம்மண் ஏற்றத்தில், அதே வண்டியின் பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரியிறைக்கும். அதைவிட வயதான, அதைவிட என்ஜின் பலம் குறைந்த ஜீப் ஒன்று பின்னால் வந்து, ஒதுங்கி, நிதானமாக மேலே போய்விடும்.

ஜீப்புக்கு பவர் அதிகம் என்று சொல்லி நாம் இதைக் கடந்துவிடுகிறோம். அந்த விளக்கம் சரியல்ல. நின்றுபோன பிக்கப்பின் என்ஜினில் பலம் மிச்சமிருக்கிறது. அதனால்தான் சக்கரம் சுற்றுகிறது. குறை வேறெங்கோ இருக்கிறது.

அது எங்கே என்ற கேள்விக்கு அல்லிநகரத்தில் அன்றாட வாழ்வோடு தொடர்பு உண்டு. தேனியோடு சேர்ந்த ஊர் அது, நகராட்சியின் பெயரே தேனி அல்லிநகரம். மேற்கே மலை சுவராக நிற்கிறது, அந்தச் சுவருக்கு அப்பால் இடுக்கியின் ஏலமலைகள். போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடிகாலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. ஏலக்காய் பறிப்பு ஆகஸ்ட் வாக்கில் சூடுபிடித்துக் குளிர்காலம்வரை நீள்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பின்பாதியும் வடகிழக்குப் பருவமழையும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. பாதை மிக மோசமாக இருக்கும்போதுதான் சரக்கு இறங்கியாக வேண்டும். நூறாண்டுக்கு முன்பு, டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிப் பக்கம் கோட்டகுடிவரை தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் இறக்கினார்கள். 1924-இன் பெருவெள்ளம் அந்தப் பக்கத்து மலை ரயிலை அழித்த பிறகு, மலையின் போக்குவரத்து மெல்ல மெல்லச் சக்கரங்களின் பொறுப்பாயிற்று.

ஆகவே பட்டறைகளில் இந்தப் பேச்சு எழுவது இயல்பு: “இருக்கிற பிக்கப்பையே ஃபோர் வீலாக மாத்திட முடியாதா?” முடியும். உலகின் வேறு பகுதிகளில் அதையே தொழிலாகச் செய்த நிறுவனங்கள் இருந்திருக்கின்றன. ஆனால் அதற்கு என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது, நாம் தினமும் ஏறி இறங்கும் வண்டிக்குள் எவ்வளவு நுட்பமான ஒப்பந்தங்கள் இருக்கின்றன என்பது புலப்படும்.

மண் எவ்வளவு தாங்கும்?

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். சரக்கு ஏற்றாத பிக்கப்பின் எடை 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். என்ஜினும் கேபினும் முன்னால் இருப்பதால் எடையில் பாதிக்கும் மேல் முன்சக்கரங்களின் மீது உட்காரும். பின்சக்கரங்களுக்குக் கிடைப்பது 45 விழுக்காடு, அதாவது சுமார் 765 கிலோ.

சக்கரம் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை வண்டியை முன்னால் தள்ளுகிறது. தரை எவ்வளவு தள்ளும் என்பதற்கு எல்லை உண்டு. சக்கரத்தின் மீது அமர்ந்த எடையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். காய்ந்த தாரில் இந்த எண் 0.8 வாக்கில் இருக்கும். நனைந்த மண்ணில் 0.4 என்று கொள்வோம், வழுக்கும் களிமண்ணில் இன்னும் குறையும். 765 கிலோவை 0.4-ஆல் பெருக்கினால் 306. சமதளத்தில் நனைந்த மண் அந்தப் பின்சக்கரங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளக்கூடிய தள்ளுவிசை சுமார் 300 கிலோ எடைக்குச் சமம், அவ்வளவுதான்.

என்ஜின் எவ்வளவு கொடுக்கிறது? 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும் டீசல் என்ஜின், முதல் கியரில் 4 மடங்கு, பின்அச்சின் கிரவுன் பினியனில் 4.88 மடங்கு என்று எடுத்துக்கொண்டால், 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பில், வழியிலாகும் இழப்புகளைக் கழிக்காமல், 1,100 கிலோவுக்கு மேல் தள்ளுவிசை வரும். மண் வாங்குவது 300, என்ஜின் கொடுக்கத் தயாராக இருப்பது 1,100. இந்த நிலையில் பெரிய என்ஜின் வைத்து என்ன பயன்? சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றிக் குழி பறிக்கும்.

இப்போது ஏற்றத்தைச் சேர்ப்போம். நான்கு அடி போனால் ஒரு அடி உயரும் சரிவு. அதில் 1,700 கிலோ வண்டி ஏறுவதற்குச் சுமார் 410 கிலோ தள்ளுவிசை தேவை. ஏறும்போது எடை கொஞ்சம் பின்னால் சாயும் என்பதால் பின்சக்கரங்களின் பிடிப்பு சற்றுக் கூடி 335 கிலோ ஆகிறது. அப்படியும் போதவில்லை, வண்டி நின்றுவிடுகிறது. அதே வண்டியில் நான்கு சக்கரங்களும் தள்ளினால், வண்டியின் மொத்த எடையும் பிடிப்புக்கு உதவும். அதே மண்ணில் 660 கிலோ கிடைக்கும். தேவையைவிட 250 கிலோ மிச்சம்.

இந்த மாற்றத்தில் என்ஜின் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடுதலாகத் தரவில்லை. முன்சக்கரங்களின் மீது சும்மா அமர்ந்திருந்த 935 கிலோவை வேலைக்கு எடுத்துக்கொண்டோம், அவ்வளவே. நான்கு சக்கர இயக்கத்தின் முழு ரகசியமும் இதுதான்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு செய்தியும் வருகிறது. பிக்கப்பில் 1,200 கிலோ உரமூட்டை ஏற்றினால் எடையின் பெரும்பங்கு பின்அச்சுக்குப் போகும். மொத்த எடையில் 65 விழுக்காடு பின்னால் இருக்கிறது என்றால், அதே நான்குக்கு ஒன்று சரிவில் தேவை சுமார் 700 கிலோ, பிடிப்பு 800 கிலோ. வெறும் வண்டி தோற்ற ஏற்றத்தில் சுமை வண்டி ஏறிவிடுகிறது! தோட்டத்துக்கு மூட்டையோடு போகும்போது ஏறிய இடத்தில், ஏலக்காயை ஏற்றிவரக் காலியாகப் போகும்போது மாட்டிக்கொள்வதன் காரணம் இதுவே. பின்னால் மண்மூட்டைகளையோ கற்களையோ போட்டுக்கொண்டு கிளம்பும் பழக்கத்துக்குப் பின்னால் இந்த இயற்பியல் இருக்கிறது.

பலத்தைப் பிரிக்கும் பெட்டி

சரி, முன்சக்கரங்களையும் வேலைக்கு அழைக்கலாம். எப்படி?

பின்சக்கர இயக்கமுள்ள பிக்கப்பில் என்ஜின், கியர் பாக்ஸ், அங்கிருந்து பின்னால் போகும் நீண்ட ஜாயிண்ட் ஷாஃப்ட், பின்அச்சின் ஹவுசிங் என்று பலம் ஒரே வழியில் போகிறது. நான்கு சக்கர வண்டியில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி வரும். அதற்குள் நுழையும் சுழற்சி இரண்டு வாசல்களில் வெளியேறுகிறது. ஒன்று வழக்கம்போல் பின்னுக்கு, மற்றொன்று என்ஜினின் பக்கவாட்டில் திரும்பி முன்னுக்கு.

இந்தப் பெட்டி இன்னொரு உதவியும் செய்கிறது. பழைய ஜீப்புகளின் டிரான்ஸ்ஃபர் கேஸில் சுமார் இரண்டரை மடங்கு குறைக்கும் தாழ்வுக் கியர் உண்டு. அதைப் போட்டால் வண்டி நடக்கும் வேகத்துக்கு வரும், முறுக்கு விசை இரண்டரை மடங்காகும். பிடிப்பு மண்ணைப் பொறுத்தது என்று பார்த்தோமே, பிறகு இந்தக் கூடுதல் விசை எதற்கு? நான்கு சக்கரங்களும் பிடிக்கத் தொடங்கிய பிறகு, சுமையேற்றிய வண்டியில் மண் வாங்கிக்கொள்ளும் அளவு என்ஜின் தருவதைத் தொட்டுவிடுகிறது. அப்போதுதான் இந்தப் பெருக்கம் தேவைப்படும். அதைவிடப் பெரிய பயன் இறக்கத்தில் இருக்கிறது. ஈரச்சரிவில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். தாழ்வுக் கியரில் விட்டால் என்ஜினின் தடை நான்கு சக்கரங்களுக்கும் போய், ஒவ்வொன்றும் மெதுவாக உருண்டபடியே வண்டியைப் பிடித்து வைக்கும்.

மாற்ற விரும்புபவர் முன் முதல் சிக்கல் இங்கேயே வருகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இடம் வேண்டும். அது சேஸின் குறுக்குச் சட்டத்தில் உறுதியாக அமர வேண்டும். அது எடுத்துக்கொண்ட நீளத்துக்கேற்ப பின்ஷாஃப்டைக் குறுக்கி, மறுபடி சமன்செய்ய வேண்டும். முன்வாசல் வலப்பக்கம் இருந்தால் முன்அச்சின் கிரவுன் பினியன் கூடும் வலப்பக்கமே இருக்க வேண்டும். ஒன்று இடம், மற்றது வலம் என்றால் இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் என்ஜினின் ஆயில் சம்ப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக நேரிடும்.

திரும்பவும் வேண்டும், தள்ளவும் வேண்டும்

பின்சக்கரம் நேராக மட்டுமே ஓடுகிறது. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்ப வேண்டும். திரும்பிய நிலையிலும் அதற்குச் சுழற்சி போய்ச்சேர வேண்டும். இந்த ஒரு தேவைதான் நான்கு சக்கர இயக்கத்தைப் பல ஆண்டுகள் தாமதப்படுத்தியது.

வளைந்த கோணத்தில் சுழற்சியைக் கடத்த, சிலுவை வடிவ ஜாயிண்ட்டை 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக் விளக்கியிருந்தார். நம் மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்று சொல்வது அதைத்தான். ஆனால் அதில் ஒரு குணம் உண்டு. உள்ளே போகும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே வருவது சீராக இருக்காது. 30 பாகை வளைவில், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சக்கரத்தின் வேகம் 15 விழுக்காடு கூடும், இரண்டு முறை 13 விழுக்காடு குறையும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, முன்சக்கரத்துக்கும் பலம் கொடுத்து ஏறும்போது, வண்டி விட்டுவிட்டு உதறுவதை உணர்ந்தவர்களுக்கு அதன் காரணம் இங்கே கிடைக்கும்.

பின்ஷாஃப்டில் இரண்டு கிராஸ்கள் இருக்கின்றனவே, அங்கே ஏன் உதறல் இல்லை? இரண்டையும் ஒரே கோணத்தில், சரியான திசையில் பொருத்தியிருப்பதால் முதலாவது உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது அழித்துவிடுகிறது. ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது பழைய குறியோடு குறி சேர்த்து மாட்ட வேண்டும் என்று அனுபவமுள்ள மெக்கானிக் வற்புறுத்துவது அதனால்தான்.

முன்சக்கரத்துக்கு வேறு தீர்வு தேவைப்பட்டது. 1926-இல் பிரான்சில் ஜான் ஆல்பேர் கிரெகுவாரின் ‘டிராக்டா’ ஜாயிண்ட்டும், அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெப்பாவின் ஜாயிண்ட்டும் பிறந்தன. ரெப்பாவின் அமைப்பில் ஆறு எஃகுக் குண்டுகள் வளைந்த தடங்களில் ஓடுகின்றன. உள்ளே வரும் தண்டுக்கும் வெளியே போகும் தண்டுக்கும் இடையிலான கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே அந்தக் குண்டுகள் எப்போதும் நிற்கும்படி தடங்கள் செதுக்கப்பட்டுள்ளன. இருபுறமும் ஒரே அளவு இருப்பதால் வேகம் மாறுவதில்லை. இன்று சாலையில் ஓடும் முன்சக்கர இயக்கக் கார்கள் அனைத்தும் இந்தச் சிந்தனையின் வாரிசுகள். ரப்பர் உறைக்குள் கிரீஸில் மூழ்கிக் கிடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

ஆகவே மாற்றத்துக்கு வேண்டியது வெறும் முன்அச்சு அல்ல. கிரவுன் பினியன், டிஃபரன்ஷியல், இரண்டு அரைத்தண்டுகள், அவற்றின் முனையில் திரும்பியும் சுழலும் ஜாயிண்ட்டுகள், அதற்கேற்ற ஹப், பிரேக், டை ராட் எல்லாம் அடங்கிய முழு அச்சு. முன்னால் கமான் பட்டை உள்ள வண்டியில் அதை ஓரளவு எளிதாக உட்கார வைக்கலாம். முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் சேஸின் முன்பகுதியையே திரும்ப வடிவமைக்க நேரிடும்.

ஒரே நுகத்தில் இரண்டு அச்சுகள்

எளிய வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் நான்கு சக்கர நிலையைப் போட்டதும் முன்ஷாஃப்டும் பின்ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளில் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போனால், வண்டியை இழுக்க வேண்டிய பலம் ஒன்றையொன்று இழுப்பதில் போய்விடும்.

முன்அச்சின் கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 5.38. பின்அச்சில் 39-க்கு 8, அதாவது 4.88. இரண்டும் ஜீப்புகளில் புழங்கிய விகிதங்களே. இவற்றை ஒரே வண்டியில் சேர்த்தால், பின்சக்கரம் 100 மீட்டர் உருளும்போது முன்சக்கரம் 91 மீட்டர்தான் உருள விரும்பும். மிச்சமுள்ள 9 மீட்டரை யாராவது சறுக்கியே ஈடுகட்ட வேண்டும். சேற்றில் டயர் சறுக்கிவிடும். தாரில் சறுக்க முடியாமல் அந்த இறுக்கம் ஷாஃப்டிலும் பல்சக்கரங்களிலும் ஏறும், கடைசியில் எது பலவீனமோ அது உடையும். எங்கோ கிடைத்த ஹவுசிங்கை வாங்கி மாட்டும் முன் பற்களை எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் இதிலிருந்து வருகிறது. நான்கு டயர்களும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டியதும் இதனால்தான்.

விகிதங்கள் கச்சிதமாகப் பொருந்தினாலும் வளைவில் பிரச்சினை திரும்ப வரும். திரும்பும் வண்டியில் முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகின்றன. முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள பிக்கப், முன்அச்சின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரத்தில் ஓடும்படி ஒரு கொண்டை ஊசி வளைவைச் சுற்றுவதாகக் கொள்வோம். பித்தகோரஸ் தேற்றப்படி பின்அச்சின் ஆரம் 5.2 மீட்டர். அரைவட்டம் முடியும்போது முன்பகுதி 18.8 மீட்டர் போயிருக்கும், பின்பகுதி 16.3 மீட்டர். ஒரே வளைவில் இரண்டரை மீட்டர் வித்தியாசம்! போடிமெட்டின் காய்ந்த தாரில் நான்கு சக்கர நிலையைப் போட்டுக்கொண்டு ஏறினால், ஒவ்வொரு வளைவிலும் அந்த இரண்டரை மீட்டர் வண்டியின் எலும்புகளுக்குள் போகும். மண்பாதை தொடங்கும்போது போடுவதும், தார் வந்ததும் எடுப்பதும் ஜீப் ஓட்டுநர்களின் ஒழுக்கமாக இருப்பது இதனால்தான். 1948-இல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன், ஜீப்பின் முன்சக்கரங்களைத் தேவையில்லாதபோது அச்சிலிருந்து விடுவித்துவைக்கும் ஹப்புகளைச் செய்து விற்கத் தொடங்கினார். தாரில் ஓடும்போது முன்அச்சு வீணாகச் சுற்றித் தேய்வதை அவை நிறுத்தின.

ஒரே அச்சின் இடது, வலது சக்கரங்களுக்கும் இதே வித்தியாசம் உண்டு. அதற்காகத்தான் டிஃபரன்ஷியல் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் பெக்கூர் 1827-இல் தம் நீராவி வண்டிக்காக உருவாக்கியது அது. இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது அனுமதிக்கிறது, ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தருகிறது. ஒரு சக்கரம் குழிக்குமேல் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுற்ற விசையே தேவையில்லை. ஆகவே தரையிலுள்ள மறு சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. நான்கு சக்கர வண்டியிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என மூலைவிட்டமாக இரண்டு சக்கரங்கள் அந்தரத்தில் போனால் கதை முடிந்தது. பூட்டக்கூடிய டிஃபரன்ஷியல் இருந்தால்தான் அதிலிருந்து மீளலாம். மாற்றம் செய்து முடித்த பிறகும் வண்டி நிற்கக்கூடிய இடம் ஒன்று மிச்சமிருக்கும் என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

மாற்றியே காட்டியவர்கள்

ஹாலந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் 1903-இலேயே நான்கு சக்கரமும் இயங்கும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்துவிட்டது. 1908-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூரான கிளின்டன்வில்லில் ஓட்டோ ஸாச்சோவ், வில்லியம் பெஸ்ஸர்டிச் என்ற இரண்டு பட்டறைக்காரர்கள், திரும்பும் முன்சக்கரத்துக்குப் பலம் கொடுக்கும் ஜாயிண்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்தப் பட்டறையிலிருந்து வளர்ந்த லாரி நிறுவனத்தின் வண்டிகள் முதல் உலகப் போரின் சேற்றில் ஆயிரக்கணக்கில் ஓடின.

இருக்கும் வண்டியை மாற்றித் தருவதையே தொழிலாக்கியவர்கள் பிறகு வந்தார்கள். 1931-இல் வால்டர் மார்மனும் ஆர்தர் ஹெரிங்டனும் இண்டியானாபொலிஸில் தொடங்கிய மார்மன்–ஹெரிங்டன் நிறுவனம், 1930-களின் நடுவிலிருந்து ஃபோர்டு லாரிகளையும் பிக்கப்புகளையும் நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றியது. அதன் பாகங்களைப் பொருத்திய ஃபோர்டு அடிச்சட்டங்களின் மேல் தென்னாப்பிரிக்காவில் கவச வண்டிகள் கட்டப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடின. 1950-களில் மினியாபொலிஸின் நாப்கோ நிறுவனம் செவ்ரோலே, ஜி.எம்.சி. பிக்கப்புகளுக்கான மாற்றுப் பாகங்களை ‘பவர்-பேக்’ என்ற பெயரில் முழுத் தொகுதியாகவே விற்றது. விவசாயிகளும் வனத்துறைகளும் வாங்கினார்கள். 1957-இல் செவ்ரோலே அதையே தன் தொழிற்சாலையில் பொருத்தித் தரத் தொடங்கியது. 1980-இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் டாங்கெல் நிறுவனம் பியூஜோ 504 வண்டிகளை, பிக்கப் உட்பட, நான்கு சக்கரத்துக்கு மாற்றியது.

இவர்கள் வென்றதற்குக் காரணம் ஒன்றே. ஒரு குறிப்பிட்ட மாடலை எடுத்து, அதன் அச்சு விகிதம், ஷாஃப்ட் கோணம், பட்டையின் தாங்கும் திறன், பிரேக் எல்லாவற்றுக்கும் ஒருமுறை முழுமையாக விடை கண்டார்கள். பிறகு அதே விடையை ஆயிரம் வண்டிகளுக்குப் பயன்படுத்தினார்கள். ஒற்றை வண்டிக்காக அத்தனை விடைகளையும் புதிதாகத் தேடும் பட்டறைக்காரர் அவர்களைவிடக் கடினமான பரீட்சையை எழுதுகிறார்.

இந்தியாவுக்கு நான்கு சக்கர இயக்கம் பரவலாக வந்தது ஜீப்பின் வழியாக. 1940-இல் அமெரிக்க ராணுவம் கேட்டதற்காகப் பிறந்த அந்த வண்டி, போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் கட்டப்பட்டது. 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டத் தொடங்கியது. அந்தப் பரம்பரையின் வண்டிகளைத்தான் நம் மலைகள் இன்றும் நம்பியிருக்கின்றன. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் போக முடிகிறது. கடல்மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேல், கல்லும் குழியுமான பாதையில், தாழ்வுக் கியரின் முனகலோடு அந்த வண்டிகள் தினமும் ஏறி இறங்குகின்றன.

மாற்றத்தின் விலை

பாகங்கள் கிடைத்து, பொருத்தவும் ஆள் கிடைத்தால் போதுமா? வண்டி கேட்கும் விலை இன்னும் இருக்கிறது. முன்அச்சும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஷாஃப்டும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் எடை கூட்டும். அந்த அளவுக்குச் சரக்கு குறைய வேண்டும், அல்லது பட்டைகள் கனக்க வேண்டும். முன்அச்சின் கூடு ஆயில் சம்ப்பில் இடிக்காமலிருக்க வண்டியை உயர்த்த வேண்டியிருக்கும். உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் உயரும். சக்கரங்களின் அகலம் 1.4 மீட்டர், ஈர்ப்பு மையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்றால், கணக்கின்படி நிற்கும் வண்டி 45 பாகை பக்கச் சரிவில்தான் கவிழும். மையத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் அது 41 பாகையாகிவிடும். ஓடும் வண்டியில், ஆட்களும் மூட்டைகளும் ஏறிய நிலையில், பாதுகாப்பான எல்லை இவற்றைவிட வெகு கீழே இருக்கிறது. மலை விளிம்பில் ஒவ்வொரு பாகையும் உயிரோடு சம்பந்தப்பட்டது. உயரம் மாறினால் ஸ்டீயரிங் இணைப்பின் கோணம் மாறும், பிரேக் ஹோஸின் நீளம் போதாமல் போகும். இவற்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டாலும் அது தெரியவருவது இறக்கத்தில்தான்.

சட்டமும் இதே அக்கறையோடுதான் பேசுகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. பதிவுச் சான்றோடு ஒத்துப்போகாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் சிக்கலாகும். அந்த வண்டியில் பயணம் செய்த தோட்டத் தொழிலாளியின் குடும்பம்தான் அதன் பாரத்தைச் சுமக்கும். தொழிற்சாலையிலிருந்தே நான்கு சக்கர இயக்கத்தோடு வரும் பிக்கப்புகள் இந்தியாவில் உண்டு. மஹிந்திராவின் பொலேரோ கேம்பரில் அந்த வகை வந்திருக்கிறது, இசுஸுவின் வி-கிராஸும் டொயோட்டாவின் ஹைலக்ஸும் அப்படி விற்பனைக்கு வந்தவை. மேலே சொன்ன அத்தனை கேள்விகளுக்கும் விடை கண்டு, சோதித்து அனுப்பப்பட்ட வண்டிகள் அவை. மலைக்குள் தினமும் போக வேண்டியவர், பழையதாக இருந்தாலும் அப்படி ஒன்றைத் தேடி வாங்குவதே சரியான வழி என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லோராலும் அது முடியாது என்பதும் உண்மை. அவர்களுக்கும் இந்த இயற்பியலிடம் பதில் இருக்கிறது. எடை, உராய்வு இரண்டின் பெருக்கல்தான் பிடிப்பு என்றால், எடையை மாற்ற முடியாத இடத்தில் உராய்வை மாற்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.4 உராய்வுள்ள ஈரமண்ணில் நான்கு சக்கர வண்டி ஏறக்கூடிய சரிவின் எல்லை பத்துக்கு நான்கு. அதே பாதையில் சக்கரத் தடங்களில் மட்டும் சொரசொரப்பான கான்கிரீட்டோ கல்லோ பதித்து உராய்வை 0.7 ஆக்கினால், எதையும் மாற்றாத, காலியான, பின்சக்கர பிக்கப் பத்துக்கு 3.8 வரை ஏறும். ஏறக்குறைய அதே அளவு!

ஒரு தோட்டப் பாதையில் வண்டிகள் உண்மையில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சில இடங்களில்தான். ஊற்றுநீர் கசியும் ஒரு திருப்பம், செங்குத்தான ஒரு நூறடி, இப்படி. அந்த நூறடியில் தடம் பதித்து, ஓரத்தில் நீர் வடிய வாய்க்கால் வெட்டுவது எல்லோருக்கும் பயன்படும். காட்டு நிலமாக இருந்தால் வனத்துறை அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை இது. அப்படிச் செய்தால், ஒரு வண்டிக்கு நாம் தேடிய பிடிப்பு அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஆட்டோவுக்கும், பிரசவ வலியெடுத்த பெண்ணைக் கீழே இறக்கும் வண்டிக்கும் கிடைக்கும். தோட்ட உரிமையாளர்களும் ஊராட்சிகளும் பறிப்பு தொடங்கும் முன் தங்கள் பாதையில் எந்த நூறடி வண்டிகளை நிறுத்துகிறது என்று பார்த்து, முதல் செலவை அங்கே செய்ய வேண்டும்.